துணைக்கு வரமாட்டேன்

அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே! இந்த விழாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, வரமாட்டேன் என்று சொன்ன என்னையும் விடாமல் அழைத்து வந்திருக்கும் மகளிர் கூட்டமைப்பின் தலைவி காசியம்மா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! வேலை முடித்து முகம் கழுவிய ஈரம் உலரும் முன்பே ஓடி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, 'நமக்கென்ன' என்று வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்து, ஆனால் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! எல்லா மேடைகளிலும் முதலில் பேசப்பட்டு, கடைசியில் அழைக்கப்படும் என் மாணவிச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

ஒலிபெருக்கி வைத்திருக்கும் ஹமீது தம்பி, கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதாம். நல்லது. அப்படியே அந்தக் காற்றாடியையும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். மண்டபத்தில் இருப்பது இரண்டு காற்றாடி. இரண்டும் ஆண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சிரிக்காதீர்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டுத் திருத்திவிடலாம். நம் ஊரில் பெண்களுக்கு நடப்பதெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்யாமல் நடப்பவைதான்!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெண் கல்வியின் பெருமை'. மன்னிக்க வேண்டும், ஐயா. பெருமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பல ஆண்டுகளாகக் காரைக்காலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். பெண் கல்வியின் பெருமையை மேடையில் முழங்கியவர், மறுநாள் தம் மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்க வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் ஐயா என்றால், "நல்ல எடமா வந்துடுச்சு டீச்சர்" என்பார். பெருமைக்குச் செலவில்லை. அதனால் அதை யார் வேண்டுமானாலும் பேசலாம். நான் வேறொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேசக் கூச்சமான ஒன்று. பெண்ணுக்கு ஆகாது என்று நாம் தொட்டிலிலேயே சொல்லி வளர்க்கும் ஒன்று.

பொறாமை!

ஆம். பொறாமையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் நானும் ஒரு பொறாமைக்காரி.

நான் இந்த நெரவியில் பிறந்தவள்; இப்போது தலத்தெருவில் குடியிருக்கிறேன். என் அண்ணன் பத்து வயதில் அரசலாற்றுப் பாலத்தைத் தனியாகச் சைக்கிளில் கடந்தார். எனக்குக் கல்லூரி போகும் வயதிலும், பாலத்தைக் கடக்க ஒரு துணை வேண்டியிருந்தது. என் துணையின் பெயர் மாரிக்கண்ணு. அவள் வந்தால் எனக்குக் கல்லூரி. அவளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் விடுப்பு. மூன்றாம் ஆண்டில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வீட்டில் பெருமூச்சு விட்டார்கள்: "ம், அவளும் நின்னுட்டா, இனிமே ஒனக்கு யாரு தொணை?" அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த ஆண்டு காவிரியில் தண்ணீர் வரவில்லை. கடைமடை நம் ஊர். வருகிற தண்ணீரும் கடைசியாகத்தான் நமக்கு வரும். வயல் வெடித்தது. மாரிக்கண்ணு வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அவள் கல்லூரிக்கு வந்தாள். அதனால் நானும் வந்தேன். தேர்வெழுதினேன். தேறினேன்.

தாய்மார்களே, காவிரி பொய்த்ததால் பட்டம் பெற்றவள் நான்! ஊர் அழுத ஆண்டில் நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்தேன். இது கல்வியா? உரிமையா? இல்லை, வானம் பார்த்து விதைத்த விதைப்பா? ஒரு பெண்ணின் படிப்பு அவள் அறிவை நம்பி நிற்கவில்லை. அவள் உழைப்பை நம்பி நிற்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் காய்ச்சலையும் கல்யாணத்தையும் நம்பி நின்றது என்றால், அதை எந்த வாயால் பெருமை என்று பேசுவேன்?

"அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர்" என்று யாரோ சொல்கிறீர்கள். அந்தப் பச்சைப் புடவை அம்மாதானே? நன்றி அம்மா. நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. போன ஆண்டுக்கு வருகிறேன்.

போன ஆண்டு, இதே நெரவியில், ஒரே தெருவில் இரண்டு பெண்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதினார்கள். ஒருத்தி தமிழ்மொழி. நல்ல மதிப்பெண், காரைக்காலில் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்னொருத்தி அல்லி. ஒரே ஒரு பாடத்தில் போய்விட்டது. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே பள்ளிக்குப் போனவர்கள். இவளுக்கு அவள் துணை, அவளுக்கு இவள் துணை. இருவரையும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அல்லியிடம் அனுமதி கேட்டபோது, "சொல்லுங்க டீச்சர். பொறாமக்காரின்னு பேரு ஏற்கனவே இருக்கு, புதுசா என்ன வந்துடப்போவுது?" என்றாள்.

தமிழ்மொழியின் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "போவட்டும். ஆனா தொணைக்கு ஆள் இருந்தாத்தான்." அம்மா மங்கையர்க்கரசி யோசித்தார். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு தையல் பயிற்சி நிலையம் இருக்கிறது. அல்லியை அதில் சேர்த்துவிட்டால், காலையில் இருவரும் சேர்ந்து போகலாம், மாலையில் சேர்ந்து வரலாம். நல்ல ஏற்பாடுதானே? தெருவே தலையாட்டியது. ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை. அல்லி. "நான் போகமாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான்! தெரு பொங்கியது. தண்ணீர்க் குழாயடியில் பொங்கியது, ரேஷன் கடை வாசலில் பொங்கியது. வயிற்றெரிச்சல் பிடித்தவள்! தான் படிக்கவில்லை என்று அடுத்தவளையும் கெடுக்கிறாள்! மங்கையர்க்கரசி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். "நீங்க நம்ம ஊருப் பொண்ணு. ஒரு வார்த்த சொன்னா கேப்பா, வாங்க டீச்சர்" என்றார். போனேன்.

அல்லி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தாள்.

மங்கையர்க்கரசி ஆரம்பித்தார். "பாருங்க டீச்சர், இவ ஒரு வார்த்த சரின்னா எம்பொண்ணு படிச்சுடுவா. வாயத் தொறக்குறாளா பாருங்க. வயித்தெரிச்சல், வேற என்னா?"

"ஆமாத்த, வயித்தெரிச்சல்தான். இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் அல்லி.

தாய்மார்களே, எத்தனையோ வகுப்பறைகளில் எத்தனையோ பதில்களைக் கேட்டவள் நான். இவ்வளவு நேரான பதிலைக் கேட்டதில்லை. 'ஏன் அம்மா?' என்று கேட்டேன்.

"அவ உள்ள போயி கிளாஸ்ல ஒக்காருவா. நான் வெளில மிஷின மிதிச்சிக்கிட்டு, அவ எப்ப வருவான்னு மணி பாத்துக்கிட்டு கெடக்கணும். மூணு வருஷம் கழிச்சு அவளுக்குப் பட்டம். எனக்கு என்ன டீச்சர்? தொணைக்கு வந்தவன்னு ஒரு பேரு."

"நீ பெயிலாயிட்டியேடி!" என்றார் மங்கையர்க்கரசி.

"ஒரு பேப்பர் அத்த. ஒரே ஒரு பேப்பர். எங்கண்ணன் மூணுல பெயிலானான். அவன ஒக்காத்தி வச்சு, டியூஷன் வச்சு, மறுபடி எழுத வச்சாங்க. அப்ப ஏன் அவன யாரும் தொணைக்குக் கூப்புடல?"

ஆ, இப்போது சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பா சுப்ராயன் அண்ணன் சத்தம் போட்டார்: "ஏய், வாய மூடு. அண்ணனப் பாத்துப் பொறாமப்படுற பொண்ண எந்த வூட்டுல கட்டிக்குவாங்க?"

அல்லி அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். எழுந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "தொணைக்கு வரமாட்டேன் டீச்சர். படிக்க வான்னு கூப்புடுங்க, இப்பவே வர்றேன்."

புத்தி சொல்லப் போனவள் நான். புத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாலத்தைக் கடக்கும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த ஊரில் எந்தப் பையனின் படிப்பாவது அடுத்த வீட்டுப் பையனின் பொறாமையால் நின்றிருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். நின்றிருக்கிறதா? பொறாமை இல்லாத பையன்களா இருக்கிறார்கள்? இருக்கிறது, நிறைய இருக்கிறது! ஆனால் ஒருவன் பொறாமை இன்னொருவன் பேருந்தை நிறுத்தாது. பெண்ணின் படிப்பை மட்டும்தான் நாம் இன்னொரு பெண்ணின் மனத்தில் கொண்டுபோய்க் கட்டி வைத்திருக்கிறோம். கட்டி வைத்தது நாம். கயிறு நம்முடையது. முடிச்சு நம்முடையது. பழி மட்டும் அல்லிக்கு!

இன்னொன்றும் யோசித்தேன். பொறாமை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எத்தனை கேள்விகளின் வாயைப் பொத்தியிருக்கிறோம்! அண்ணனுக்கு மட்டும் ஏன் சைக்கிள்? பொறாமைப்படாதே. தம்பிக்கு மட்டும் ஏன் டியூஷன்? பொறாமைப்படாதே. அவனுக்கு இரண்டாவது வாய்ப்பு, எனக்கு ஏன் முதல் வாய்ப்போடு முடிந்தது? அடி, உடன்பிறந்தவன் மேலேயே பொறாமையா! அளவெடுத்துப் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கு நாம் வைத்த பெயர் பொறாமைக்காரி. அளவு தப்பு என்று அவள் சொன்னதை அதோடு மறந்துவிட்டோம்.

சரி, தமிழ்மொழி என்ன ஆனாள்?

கல்லூரி திறந்தது. அதுவரை துணை தேடினார்கள். சித்தி மகள், கொழுந்தனார் மகள், யாரும் அமையவில்லை. அன்று காலை அவள் குளித்துப் புறப்பட்டு நின்றாள். "நான் கெளம்புறேம்மா" என்றாள். மங்கையர்க்கரசி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். தடுக்கவா, விடவா? மகள் முகத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். கரண்டியை உள்ளே எறிந்துவிட்டு, "ரோடு வரைக்கும் நான் வர்றேன், வா" என்றார்.

தெருவே வாசலுக்கு வந்து நின்றது. பேருந்து வந்தது. ஏறினாள். பேருந்து போனது. மாலையில் வந்தது. இறங்கினாள். வீட்டுக்கு வந்தாள். பசிக்கிறது என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது.

ஊருக்கு ஏமாற்றம்! "என்னா, ஒண்ணும் ஆவலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்றும் ஆகவில்லை அம்மா. மறுநாளும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் பயந்து பயந்து காத்துவந்த அந்த ஏதோ ஒன்று, பேருந்தில் ஏறவே இல்லை! அப்பா திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறார்: "தொணை கெடச்சுதா?" மங்கையர்க்கரசி சொல்லியிருக்கிறார்: "கெடச்சுது. பஸ்ஸு நெறைய சனம் இருக்கு."

அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மகிழ்ச்சி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. ஐம்பதை நெருங்குகிறேன், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன், பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து எரிந்தேன். மாரிக்கண்ணு நல்லவள்தான். ஆனால் மூன்று வருடமும் பேருந்தில் ஜன்னலோரம் அவளுக்குத்தான். தமிழ்மொழிக்கு ஜன்னலும் கிடைத்தது, யாருக்காகவும் காத்திராத காலையும் கிடைத்தது. எனக்கு இல்லாதது அவளுக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் பொறாமை என்றால் நான் பொறாமைக்காரிதான்.

ஆனால் அவளுக்கு அந்த ஜன்னலைத் திறந்துவிட்டது யார்? நினைத்துப் பாருங்கள். அல்லி மட்டும் அன்று நல்ல பெண்ணாக, அடக்கமான பெண்ணாக, பொறாமையே இல்லாத பெண்ணாகத் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்மொழி படித்திருப்பாள். துணை என்ற கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியிருக்கும். அல்லிக்குக் கல்யாணம் நிச்சயமாகும் நாளில் தமிழ்மொழியின் படிப்பும் நின்றிருக்கும். ஒரு பொறாமைக்காரி 'மாட்டேன்' என்றாள். அந்த 'மாட்டேன்' தான் இன்னொருத்தியைத் தனியாகப் பேருந்து ஏற்றியது!

அல்லி என்ன செய்தாள்? தினமும் வாசலில் நின்று அந்தப் பேருந்தைப் பார்த்தாள். "பாக்கப் பாக்க எரிஞ்சுது டீச்சர். தாங்க முடியாம புஸ்தகத்த எடுத்துட்டேன்" என்றாள் என்னிடம். அந்த ஒரு தாளை எழுதினாள். தேறினாள். இந்த ஆண்டு கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். எங்கே? நாகப்பட்டினத்தில். ஏன் அம்மா, காரைக்காலிலேயே சேர்ந்திருக்கலாமே, தமிழ்மொழியோடு போகலாமே என்று கேட்டேன். அவள் கேட்டாள்: "அவளுக்கு நான் ஜூனியரா? அது ஆவாது டீச்சர்!"

கைதட்டுங்கள், தப்பில்லை! அதோ, பெண்கள் பக்கம் நடுவில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, அவள்தான் அல்லி. பக்கத்தில் அவளைக் கிள்ளிக்கொண்டிருப்பவள் தமிழ்மொழி. இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் கதை முடியவில்லை. நாகப்பட்டினம் பேருந்து எதிர்த்திசையில் போகிறது. தமிழ்மொழி அந்தப் பக்கம், அல்லி இந்தப் பக்கம். வரும் திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. அல்லியின் வீட்டில் மூன்று நாளாக ஒரே கேள்வி. என்ன கேள்வி? உங்களுக்கே தெரியும். 'துணைக்கு யார்?'

சுப்ராயன் அண்ணே, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. பிள்ளை மேல் பாசம் இல்லாத மனிதர் இல்லை நீங்கள். சேரும்போது கூடவே போய்க் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள், கழிப்பறை வரை விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவர் இப்போது எதற்கு அஞ்சுகிறீர்கள்? சொல்லுங்கள் அண்ணே. ஹமீது தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதிப்படுத்துங்கள். என்ன சொல்கிறார்?

"பஸ்ஸப் பத்தி பயமில்ல டீச்சர். நாலு பேரு பாப்பாங்களே" என்கிறார்.

பார்ப்பார்கள்! உண்மை. மறுக்க மாட்டேன். யார் அண்ணே அந்த நாலு பேர்? நாகப்பட்டினத்தில் இருக்கிறார்களா? இல்லை. அங்கே யாருக்கும் அல்லியைத் தெரியாது. அந்த நாலு பேர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். இந்த ஊர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. எனவே அந்த நாலு பேரையும் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்!

யாரும் எழவில்லை.

எழுந்து நில்லுங்கள் ஐயா, அம்மா! ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்தும் வல்லமை படைத்தவர்கள், முகத்தைக் காட்ட வேண்டாமா? உங்களுக்கு அஞ்சித்தானே ஒரு தகப்பன் மூன்று நாளாகத் தூங்கவில்லை? உங்களுக்கு அஞ்சித்தானே என் காலத்துப் பெண்கள் பாதியில் நின்றார்கள்? எழுந்து நில்லுங்கள்!

பார்த்தீர்களா அண்ணே. ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் இப்போது எழ மாட்டார்கள்.

என்ன? கொஞ்சம் பொறுங்கள். அண்ணன் எழுந்திருக்கிறார். மேடையைப் பார்த்து இல்லை, பெண்கள் பக்கம் பார்த்து ஏதோ கேட்கிறார். "எத்தன மணிக்கு அந்த பஸ்ஸு?" என்று கேட்கிறார். அல்லி சொல்கிறாள், "ஏழே காலுப்பா."

"ரோடு வரைக்கும் நான் வருவேன்" என்கிறார்.

"ரோடு வரைக்கும் போதும்ப்பா" என்கிறாள்.

கைதட்டாதீர்கள்! நிறுத்துங்கள். திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. மண்டபத்தில் கொடுத்த வாக்கு வாசற்படி தாண்டுவதற்குள் வாடிப்போனதை நான் நிறையப் பார்த்தவள். இந்தத் தகப்பன் தன் பங்கைச் சொல்லிவிட்டார். இனி மிச்சம் இருப்பது உங்கள் பங்கு. அந்தக் காலையில் நீங்கள் எல்லாரும் வாசலுக்கு வருவீர்கள். எனக்குத் தெரியும். வராதீர்கள் என்று சொன்னால் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். எனவே அதை நான் கேட்கவில்லை.

பாருங்கள். நன்றாகப் பாருங்கள். ஆனால் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள், பொறாமையோடு பாருங்கள்! தாய்மார்களே, உங்கள் வயதில் உங்களுக்குக் கிடைக்காத பேருந்து அது. வயிறு எரியப் பாருங்கள்! தந்தைமார்களே, சுப்ராயன் வீட்டுப் பெண் போகிறாள், நம் வீட்டுப் பெண் ஏன் போகவில்லை என்று பொறாமையோடு பாருங்கள்! மாணவிச் செல்வங்களே, அவளைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள், அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்துப் பொறாமைப்படுங்கள்! எரிந்துவிட்டு அடுத்தவளைக் கீழே இழுக்காதீர்கள், எரிந்துவிட்டு ஏறுங்கள். ஒரு பெண் தனியாகப் போனால் தெரு பார்க்கும். பத்துப் பெண்கள் தனித்தனியாகப் போனால், தெருவுக்கு வேறு வேலை இருக்கும்.

நீண்ட நேரம் பேசிவிட்டேன். தலைப்பை மாற்றிப் பேசியதைப் பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், இழுத்து வந்த காசியம்மாவுக்கும், சொந்தக் கதையைச் சொல்ல விட்ட இரண்டு பெண்களுக்கும், எழுந்து பேசத் துணிந்த ஒரு தகப்பனுக்கும், எழாமல் இருந்த அந்த நாலு பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குச் சந்திப்போம். வணக்கம்.